என்பிடெல்லில் முதல்முறை படிக்கிறீர்களா? நான்காவது வாரத்தைத் தாண்ட ஒரு வழிகாட்டி

ஐஐடிகள் போன்ற நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் பாடத் திட்டத்துக்குப் பெயர் என்பிடெல். நான் வேலை பார்க்கும் கலை அறிவியல் கல்லூரியில் அதன் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. ஜூலையில் புதுப் பருவம் தொடங்கும்போது மாணவர்கள் ஆளுக்கு நாலைந்து பாடங்களில் பெயர் கொடுத்துவிடுவார்கள். சேர்வதற்குப் பணம் வேண்டாம், ஒரு ஜிமெயில் முகவரி போதும். ஆகஸ்ட் பிறந்து பத்து நாள் கழித்து "எந்தப் பாடம்பா படிக்கிற?" என்று கேட்டால் பலருக்குப் பாடத்தின் பெயரே மறந்துபோயிருக்கும்.

அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காலை ஆறரை மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து வருகிறவர்கள் அவர்கள். வீட்டுக்கு ஒரு போன்தான் இருக்கும். அதுவும் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் கைக்குக் கிடைக்கும். இவர்களுக்கு முன் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, அதனால் "இப்படிச் செய்" என்று சொல்லவும் ஆள் இல்லை. மூன்றாவது, நான்காவது வாரத்தில் பாடம் கைநழுவிவிடுகிறது. அதைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் கடைசிவரை போய்விடுகிறார்கள். இந்த வழிகாட்டியை அந்தக் கட்டத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எது இலவசம், எதற்குக் காசு

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்போவதாக 2001-இல் அறிவித்தது. மறு ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய கூட்டத்தில் இத்தகைய பாடங்களுக்கு 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் வந்தது. நம் நாட்டில் 2003-இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்பிடெல்லைத் தொடங்கின. ஆரம்பத்தில் வெறும் வீடியோக்களாக இருந்தது, 2014 முதல் வாராவாரம் பாடம், அசைன்மென்ட், கடைசியில் நேரில் தேர்வு, சான்றிதழ் என்று மாறியது. 2017-இல் மத்திய அரசு ஸ்வயம் தளத்தைத் தொடங்கியது. இப்போது என்பிடெல் பாடங்களில் அதன் வழியாகத்தான் சேர்கிறோம்.

வீடியோ, அசைன்மென்ட், சந்தேகம் கேட்கும் பகுதி எல்லாம் இலவசம். தேர்வுக்கு மட்டும் கட்டணம். பல பருவங்களாக ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணம். கட்டும் முன் அந்தப் பருவத்து அறிவிப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்றும் இல்லை.

பார்க்க இலவசமாக இருப்பதும், திறந்த பாடமாக இருப்பதும் ஒன்றில்லை. எம்ஐடியின் திறந்த பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. அவற்றைப் பிரதி எடுக்கலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், மாணவர்களுக்குக் கொடுக்கலாம். விற்கக் கூடாது, எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும், மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு தளத்தில் இலவசமாகப் பார்க்கிற வீடியோவை இறக்கிப் பிறருக்குக் கொடுப்பதே தவறாகலாம். பாடம் நடத்துகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கு அச்செடுத்துக் கொடுப்பவர்களுக்கும் இந்த வேறுபாடு ரொம்ப முக்கியம்.

ஒரு பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து தொடங்கிய எட்எக்ஸ் தளத்தின் முதல் பாடம் 2012-இல் நடந்தது, மின்சுற்றுகள் பற்றியது. பெயர் கொடுத்தவர்கள் 1,54,763 பேர். தேறியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, எம்ஐடி, ஹார்வர்ட் நடத்திய பாடங்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தது. 2017-18-இல் சேர்ந்தவர்களில் 3.13 சதவீதம் பேர்தான் முடித்திருந்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் பார்த்தால் 46 சதவீதம்.

பணம் கட்டியவர்கள் முன்பே உறுதியோடு வந்தவர்கள் என்பதும் அதில் இருக்கிறது. என்றாலும் நான் பார்த்த வரையில், தேர்வுக்குப் பதிந்துவிட்ட பிள்ளை நாலாவது வாரத்தில் சட்டென்று விடுவதில்லை. முடிந்தால் கட்டிவிடுங்கள். முடியாவிட்டால் முதலில் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். சில கல்லூரிகள் தேறிய பிறகு கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன.

ஒரே ஒரு பாடம்

முதல்முறை ஒரு பாடம் போதும். இரண்டு கூட வேண்டாம். என்பிடெல் பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று வரும். நாலு வாரப் பாடம் சுமார் 10 மணி நேர வீடியோ, எட்டு வாரம் 20 மணி, பன்னிரண்டு வாரம் 30 மணி. எப்படிப் பார்த்தாலும் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். ஆனால் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, குறிப்பெடுத்து, அசைன்மென்டும் போட்டால் ஐந்து மணி நேரம் ஆகும். தொடக்கத்துக்கு நாலு அல்லது எட்டு வாரப் பாடமே நல்லது.

பாடத்தின் தலைப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். 'செயற்கை நுண்ணறிவு' என்று இருந்தாலே எல்லோரும் ஓடிப்போய்ச் சேர்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் அணிக்கோவையும் நிகழ்தகவும் வந்து முன்னால் நிற்கும். பாடத்தின் முதல் பக்கத்தில், இதைப் படிக்க முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். சில பாடங்களில் 'வாரம் 0' என்று ஒரு அசைன்மென்ட் இருக்கும். அதற்கு மார்க் கிடையாது. அதில் பாதிக் கேள்விக்காவது பதில் தெரிந்தால் தைரியமாகச் சேருங்கள். அப்புறம், அதே ஆசிரியர் முந்தைய பருவத்தில் நடத்திய வீடியோ யூட்யூபில் கிடைத்தால் இரண்டைப் பாருங்கள். அவர் பேசும் ஆங்கிலம் காதில் ஏறுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பெயரும் தேதிகளும்

ஸ்வயத்தில் கணக்குத் தொடங்கும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். அண்ணன் போனில் திறந்திருக்கும் ஜிமெயிலில் சேர்ந்துவிட்டு, அண்ணன் வேலைக்கு வெளியூர் போனதும் உள்ளே நுழைய முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயரில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக. தேர்வுப் பதிவில் நீங்கள் தட்டச்சு செய்யும் பெயர்தான் சான்றிதழில் வரும். எந்த அடையாள அட்டையைத் தேர்வு மையத்துக்கு எடுத்துப்போகப் போகிறீர்களோ, அதில் உள்ளபடியே எழுதுங்கள். புகைப்படமும் வெள்ளைப் பின்னணியில் முகம் தெளிவாகத் தெரிவதாக இருக்கட்டும்.

நாலு தேதிகளை வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் பேனாவால் வட்டமிடுங்கள்: சேர்வதற்குக் கடைசி நாள், தேர்வுக்குப் பதியக் கடைசி நாள், வாராந்திர அசைன்மென்ட் நாள், தேர்வு நாள். இதில் அதிகம் பேர் கோட்டைவிடுவது இரண்டாவதை. பாடம் தொடங்கிச் சில வாரத்திலேயே அந்தப் பதிவு மூடிவிடும். "பாடம் முடியட்டும், பிறகு கட்டலாம்" என்று இருந்தால் நன்றாகப் படித்தவர்களும் தேர்வு எழுத முடியாது.

முதல் வீடியோ, ஒரு நோட்டு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பி.எஸ்சி. மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள், பைத்தான் என்ற கணினி நிரல்மொழிப் பாடம் ஒன்றில் சேர்ந்தாள். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வாரப் பாடம். முதல் வீடியோவை மூன்று தடவை பார்த்துவிட்டு நோட்டோடு லேப்புக்கு வந்தாள். நோட்டில் தமிழ் எழுத்தில் 'ஜிசிடி' என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஒரு தாளில் 14, 63 என்று எழுதி, இரண்டின் வகுத்திகளையும் போடச் சொன்னேன். 14-க்கு 1, 2, 7, 14. 63-க்கு 1, 3, 7, 9, 21, 63. இரண்டிலும் இருப்பதில் பெரியது எது என்று கேட்டதும் 7-ஐ வட்டமிட்டாள். உடனே நிமிர்ந்து, "மேடம், இது மீ.பொ.வ. தானே? ஸ்கூல்லயே போட்டிருக்கோமே!" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு யூக்ளிட் முறை வந்தபோது என்னைத் தேடி வரவில்லை. 63-ஐ 14-ஆல் வகுத்து மீதி 7, 14-ஐ 7-ஆல் வகுத்து மீதி 0, ஆகவே விடை 7 என்று தானே போட்டுவிட்டாள்.

அவளுக்குக் கணக்குத் தெரியும். மீப்பெரு பொது வகுத்தி என்ற அந்தக் கணக்கின் ஆங்கிலப் பெயர்தான் ஜிசிடி என்பது தெரியாது. தமிழ்வழிப் பிள்ளைகள் இந்தப் பாடங்களில் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அவர்களோ 'எனக்கு மூளை போதாது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வீடியோவில் வந்த ஆங்கிலச் சொல், எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பதும். வலப்பக்கம் பள்ளிப் புத்தகத்தில் அதற்கு நீங்கள் படித்த தமிழ்ச் சொல், இல்லையென்றால் உங்கள் வார்த்தையில் ஒரு வரி. முதல் இரண்டு வாரம் வேலை அதிகமாகத் தெரியும். மூன்றாம் வாரத்தில் புதுச் சொற்கள் குறைந்துவிடும்.

வீடியோ வேகமாக இருந்தால் 0.75 வேகத்தில் வையுங்கள், ஆங்கில எழுத்து கீழே ஓடும்படி செய்யுங்கள். என்பிடெல் பல பாடங்களின் உரையைத் தமிழிலும் மொழிபெயர்த்து பிடிஎஃப்பாக வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடாக இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு படிக்க முடியாது. வீடியோ பார்ப்பதற்கு முந்தின நாள் ஒருமுறை வாசித்துவிட்டால் மறுநாள் காது பழகிவிடும். லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், பைத்தான் போன்ற கணினி விஷயங்களைத் தமிழிலேயே கேட்டுக் கற்க வேண்டும் என்றால் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலைப் பாருங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம் போல வரும் சின்ன வீடியோ. பார்த்துக்கொண்டே கணினியில் செய்து பழகும்படி அமைத்திருக்கிறார்கள். இதைப் பற்றித் தெரியாத கல்லூரிகள் இன்னும் இருக்கின்றன, அது பெரிய இழப்பு.

டேட்டாவும் போனும்

நிரலாக்கம் தவிர மற்றப் பாடங்களைப் போனில் படித்து முடிக்கலாம். வீடியோவின் தரத்தை 360-இல் வையுங்கள், கரும்பலகை எழுத்து அதிலேயே தெரியும். கல்லூரி வைஃபையில் அந்த வாரத்து வீடியோக்களை இறக்கிக்கொண்டு பஸ்ஸில் பார்ப்பவர்கள் உண்டு. மாவட்ட மைய நூலகங்கள் பலவற்றில் இணையக் கணினி இருக்கிறது, உறுப்பினராகி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி இருந்தால், மாதக் கட்டணமே இல்லாமல் ஸ்வயம் பிரபா சேனல்களில் பாடங்கள் ஓடுகின்றன. நிரலாக்கத்துக்கு மட்டும் எப்படியாவது விசைப்பலகை வேண்டும். போனில் நிரல் எழுதி யாரும் பொறுமையோடு எட்டு வாரம் தாக்குப்பிடித்து நான் பார்த்ததில்லை.

அசைன்மென்ட்

மொத்த மார்க்கில் 25 அசைன்மென்டுக்கு, 75 தேர்வுக்கு. சான்றிதழ் வேண்டுமானால் 25-க்கு 10, 75-க்கு 30 தனித்தனியாக எடுக்க வேண்டும். நிரலாக்கப் பாடங்கள் சிலவற்றில் கணக்கு வேறு. அறிமுகப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். கடைசி நாள் பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11.59. அந்த நேரத்துக்கு முன் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஞாயிறன்றே ஒருமுறை அனுப்பிவிடுங்கள்; புதன் இரவு கரண்ட் போனாலும் கவலையில்லை.

ஒன்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அசைன்மென்ட் விடைகள் டெலிகிராமிலும் யூட்யூபிலும் வாராவாரம் சுற்றுகின்றன. அதைப் பார்த்து எழுதினால் 25-க்கு 24 வந்துவிடும். தேர்வு அறையில் டெலிகிராம் இல்லை. அசைன்மென்டில் 24 எடுத்தவர் தேர்வில் 26 எடுத்து, கட்டிய ஆயிரம் ரூபாயும் போய், பெற்றோர் முன்னால் தலைகுனிந்து நிற்பதை ஒவ்வொரு பருவமும் பார்க்கிறேன். தப்பாகவே இருந்தாலும் சொந்தமாகப் போடுங்கள். கடைசி நாள் முடிந்ததும் சரியான விடை வெளியாகும். அதைப் பார்த்து எங்கே பிசகினோம் என்று கண்டுபிடிக்கும் அரை மணி நேரத்தில் கற்பதுதான் தேர்வில் கைகொடுக்கும்.

நான்காவது வாரம்

ஜூலைப் பருவத்தில் இது சரியாக ஆடி மாதத்தில் வரும். ஊர்க் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், தீமிதி இருக்கும், வீடு நிறைய உறவுக்காரர்கள். கல்லூரியில் முதல் இன்டர்னல் தேர்வும் அப்போதுதான். பாடமும் எளிதான பகுதியைத் தாண்டி உண்மையான கடினத்துக்குள் நுழையும். மூன்றும் ஒன்றாக வருவதால்தான் பிள்ளைகள் உதிர்கிறார்கள்.

ஒரு வணிகவியல் மாணவன், எட்டு வார மேலாண்மைப் பாடத்தில் நாலாம் வாரமும் ஐந்தாம் வாரமும் தவறவிட்டுவிட்டு, "விட்டுடறேன் மேடம், இனிமே பிடிக்க முடியாது" என்று சொல்ல வந்தான். மார்க் கணக்கிடும் முறையை அவன் படித்திருக்கவில்லை. எட்டு வாரப் பாடத்தில் சிறந்த ஆறு அசைன்மென்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வாரத்தில் சிறந்த எட்டு, நாலு வாரத்தில் சிறந்த மூன்று. இரண்டு வாரம் போனாலும் அவனுக்கு அசைன்மென்டில் ஒரு மார்க்கும் குறையாது! காகிதத்தில் எழுதிக் காட்டியதும் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை.

பின்தங்கிவிட்டால் எல்லோரும் செய்யும் தவறு, விட்ட இடத்திலிருந்து வரிசையாகத் தொடங்குவது. நாலாம் வாரத்தைப் பார்த்து முடிப்பதற்குள் ஆறாம் வாரத்துக் கடைசி நாளும் போய்விடும். அதைச் செய்யாதீர்கள். இந்த வாரம் எது ஓடுகிறதோ அதை முதலில் எடுத்து, அசைன்மென்டை அனுப்பிவிடுங்கள். புரியாத இடத்துக்கு மட்டும் பழைய வீடியோவில் போய்ப் பாருங்கள். விட்ட வாரங்களை அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில் பார்க்கலாம், வீடியோ எங்கேயும் ஓடிப்போகாது. தேர்வில் எல்லா வாரத்திலிருந்தும் கேள்வி வரும் என்பதால் அப்படியே விட்டுவிடவும் கூடாது.

கூட்டாளி ஒருவர் இருந்தால் இந்த வாரம் பாதிச் சுமைதான். மூன்று பேர் சேர்ந்து ஒரே பாடத்தில் சேருங்கள், சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஊரில் துணை கிடைக்காதவர்கள், பாடத்தில் சந்தேகம் கேட்கும் பகுதியில் ஒரு கேள்வியாவது எழுதுங்கள். எளிய ஆங்கிலம் போதும், அங்கே யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. பாடத்தின் உதவி ஆசிரியர்கள் பதில் எழுதுவார்கள்.

தேர்வும் அதற்குப் பிறகும்

தேர்வு வார இறுதியில், கணினியில், மூன்று மணி நேரம். ஹால் டிக்கெட்டை அச்செடுத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை அசலாக இருக்க வேண்டும். மையம் ஊருக்கு வெளியே பொறியியல் கல்லூரியாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். பயிற்சிக்கு அந்தப் பாடத்தின் அசைன்மென்ட் கேள்விகள் எல்லாவற்றையும் விடையை மறைத்துவிட்டு மறுபடி போடுவதே போதும். மொத்தம் 100-க்கு 60 எடுத்தால் சான்றிதழில் 'எலைட்' என்று வரும், 75 எடுத்தால் வெள்ளி, 90 எடுத்தால் தங்கம். சான்றிதழ் மின்வடிவில் வரும்.

இதைக் கல்லூரிப் பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட்டாக மாற்ற நினைப்பவர்கள் பாடத்தில் சேரும் முன்பே துறைத்தலைவரிடம் கேட்க வேண்டும். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதி இடம் தருகிறது. எந்தப் பாடத்தை ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் பன்னிரண்டு வாரம் உழைத்துத் தேறிய பிறகு, "இது எங்கள் பட்டியலில் இல்லை" என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சேரும் முன்பே எழுத்தில் வாங்கியிருந்தால் அந்த மூன்று கிரெடிட் அவருக்குக் கிடைத்திருக்கும்.

வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் பாடத்தை அவர்களுடைய சொந்தத் தளத்தில் முடித்தால் சான்றிதழும் இலவசம். கடினம், ஆனால் அருமையான பாடம். கோர்செரா என்ற தளத்தில், பணம் இல்லாதவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், பதிலுக்கு இரண்டு வாரம்போலக் காத்திருக்க வேண்டும். 'ஏழு நாள் இலவசம்' என்று சொல்லி கார்டு எண் கேட்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். எட்டாவது நாள் அப்பா கணக்கிலிருந்து பணம் போய்விடும்.

பைத்தான் படித்த அந்த மாணவியின் இரண்டு பத்தி நோட்டு இப்போது எங்கள் லேப் அலமாரியில் இருக்கிறது. படிப்பு முடித்துப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்தடுத்த பருவத்துப் பிள்ளைகள் அதில் தங்கள் சொற்களைச் சேர்க்கிறார்கள். கடைசியாகப் புரட்டியபோது இடப்பக்கம் யாரோ 'ரிகர்ஷன்' என்று எழுதி, வலப்பக்கம் 'தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் சார்பு' என்று எழுதியிருந்தார்கள். கீழே வேறொரு கையெழுத்து: 'ஐந்தாவது வாரம், 12-ஆவது நிமிடம். மெதுவாகப் பார்.'